சாமி எப்ப வரும்?

சாமி வர வேண்டிய இடத்தில் சவப்பெட்டி வந்தது. மூடி திறந்து, உடம்பெல்லாம் துணிக்கட்டோடு ஒரு பிணம் எழுந்து உட்கார்ந்து சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

மேஸ்திரி ஜமால் முகமது கையிலிருந்த கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற ரோட்டில் இருந்தது அந்தப் பேண்டேஜ் துணித் தறிக்கூடம். அன்று ஆயுத பூஜை. தறிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை தின்று முடித்த நாற்பது பேர் வாடகை டிவிக்கு முன்னால் சம்மணமிட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலியில் முதலாளி முத்துவீரன். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புகிற மனிதர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

"பூசைக்குச் சாமி படம்தான் போடணும். படம் முடியவும் புது சூப்பர்வைசர் யாருன்னு சொல்லுதேன்" என்று அவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். பதினோரு வருஷமாக மேஸ்திரியாகவே இருக்கிற ஜமாலுக்கு அந்த வேலை மேல் ஒரு கண். உள்ளூரில் இருந்த வீடியோ டெக்கெல்லாம் வாடகைக்குப் போய்விட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அலைந்து, இருளப்பசாமியின் வீடியோ கடையில், "நல்ல சாமியாப் பாத்துக் குடும்" என்று டெக்கோடு ஒரு கேசட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். உறைமேல் சாமிதான் இருந்தது.

"ஜமாலு, என்னய்யா இது?"

"விளம்பரம் மொதலாளி. செத்த நேரத்துல சாமி வந்துரும்."

ஜமால் வேகமாக ஓட்டும் பொத்தானை அமுக்கினார். ஆடி அசைந்து வந்துகொண்டிருந்த பிணங்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி குடுகுடுவென்று ஓடின; ஒரு குண்டுப் பிணம் சைக்கிளில் ஏறத் தாவியது. கூடம் கொல்லென்று சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

ஜமால் பயந்துபோய் டெக்கையே நிறுத்தினார்.

"ஏன் பாய் நிப்பாட்டிட்டீக?" என்றாள் நூல் சுற்றும் சீனியம்மாள். "அந்தக் குண்டுப் பிணம் சைக்கிள்ல ஏறுச்சா இல்லையான்னு தெரியாம நான் எப்படி வீட்டுக்குப் போக?"

"போடு" என்றார் முதலாளி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படமோ இங்கிலீஷ். புரிந்துகொள்ள அங்கே ஆள் கிடையாது என்ற தைரியத்தில் ஜமால் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இதுவும் சாமி படந்தான், வெளிநாட்டுக்காரன் எடுத்தது. இது எமலோகம். பாவம் பண்ணுனவுகதான் இப்படி அலையுதாக. பொறவு சாமி வந்து எல்லாரையும் காப்பாத்தும்."

அதுதான் வினையாகிப் போனது. அதன் பிறகு யார் தலைகாட்டினாலும், "பாய், இதா சாமி?" என்று கேட்டார்கள். பால்காரன் வந்தான், கேட்டார்கள். போலீஸ்காரர் வந்தார், அவரையும் விடவில்லை. வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் வரவும் தறி ஓட்டும் கருத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கையை எடுப்பதற்குள் குண்டுப் பிணம் அவரைக் கடித்துவிட்டது.

"ஏட்டி, சாமியவே கடிச்சிருச்சே" என்றாள் சீனியம்மாள்.

ஜமால் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வேலை கை நழுவிப் போனதுதான். இனிப் படத்தையாவது பார்ப்போம் என்று நிமிர்ந்தார்.

"செத்தப் பேசாம இருங்க" என்று முதலாளி அதட்டினார். கூடம் அடங்கியது. திரையில் ஒரு பிணத்தின் கட்டுத்துணி பஸ் கதவில் மாட்டிக்கொண்டது. பஸ் போகப் போகத் துணி பிரிய, பிணம் பம்பரமாகச் சுற்றியது.

"நம்ம துணின்னா இப்படிப் பிரியுமா பாய்?" என்றாள் சீனியம்மாள்.

"ஓரம் நெய்யத் தெரியாத பய நெய்ஞ்சிருக்கான்" என்றார் ஜமால், தன்னை மறந்து. அடுத்த நொடி அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். பிணப் படமா என்று பதறியவர், இப்போது அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்.

முடிந்துதான் விட்டது. முதலாளி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாமி கடைசி வரைக்கும் வரலையே, ஜமாலு."

"அடுத்த பாகத்துல வருது மொதலாளி."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார். "இனிமே நீதான் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார்.

ஜமாலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்தியா சீனியம்மா? எம்புட்டுச் சிக்கல்னாலும் சமாளிக்கிற ஆளுன்னு மொதலாளி கண்டுக்கிட்டாரு. நல்ல வேள, அவருக்குப் படம் ஒண்ணும் புரியல."

அப்போது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சாமி படக் கேசட்டோடு இருளப்பசாமி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"உறை மாறிப்போச்சு பாய். அந்தப் பிணப் படத்த மொதல்ல எடுங்க."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீரு? நாளைக்கு டெக்கோட சேத்துக் கொண்டாந்து தர மாட்டேனா?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை பாய். விடிஞ்சதும் உங்க மொதலாளி நேரா எங்க கடைப் பின்கட்டுக்குல்ல வருவாரு, வாராவாரம் இந்தப் படத்தப் பாக்க."