மருமகள் துலக்கிய ரோமாபுரிக் காசு

பச்சைக் களிம்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கொருக்குப்பேட்டையில் என் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. பித்தளையில் களிம்பு ஏறவிட்டால் அந்த வீட்டில் பெண்பிள்ளையே இல்லை என்று அர்த்தம் என்பாள். இந்த வளர்ப்போடுதான் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ராயபுரத்துக்கு மருமகளாகப் போனேன்.

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று மெழுகுவர்த்தித் தண்டு, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் எல்லாவற்றையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் துலக்கினேன். (அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.) ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனாரின் மேஜை வரைக்கும் போனேன். அதன்மேல் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பஞ்சில் ஒரே ஒரு சின்னக் காசு, பச்சைப் பசேல் என்று.

அது கரூர் ஆற்று மணலில் கிடைத்த ரோமாபுரி வெண்கலக் காசு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தலைப்பக்கம் ஏற்கெனவே மழுங்கிப் போயிருந்தது. பூப்பக்கம் என்ன உருவம் என்று மாமாவும் அவர் சிநேகிதர் ஒருவரும் ஞாயிறுதோறும் பூசை முடிந்து, ஆறு வருஷமாகச் சண்டை போடுகிறார்களாம். மாமா 'இரண்டு சிப்பாய்கள்' கட்சி, சிநேகிதர் 'ஓநாய்' கட்சி. களிம்பை எடுத்தால் காசு தாங்காது என்று இருவருமே கை வைக்கவில்லை. நான் வைத்தேன்.

கொஞ்சம் தேய்த்ததும் பச்சைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். படகு முனையில் நிற்கிறாள், முதுகில் இறக்கை, கையில் ஈட்டி. அடடே, சம்மனசு! தேவதூதரேதான். இன்னும் பளிச்சென்று ஆகட்டும் என்று பக்தியோடு இன்னொரு கை செங்கல் தூளை அள்ளிப் போட்டேன். கழுவிப் பார்த்தால் சம்மனசும் இல்லை, படகும் இல்லை. மினுமினுவென்று ஒரு தகடுதான் இருந்தது.

மாமா வந்தார். தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ணிட்ட?"

"களிம்பா இருந்துச்சு மாமா..."

"ஆயிரத்து அறுநூறு வருசமா அப்டிதான் கீது. உனுக்கு ஒரு நாள் பொறுக்கலியா?"

அழுதுகொண்டே பார்த்ததைச் சொன்னேன். "படகு மாமா, அந்தப் போட்டு மேல ஒரு பொம்பள. ரெக்கை கூட இருந்துச்சு."

தப்பிக்கக் கதை விடுகிறேன் என்று நினைத்தார். முகத்திலேயே தெரிந்தது. காசு போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பொய்க்காரி என்ற பெயரோடு அந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது?

பண்டிகை முடிந்து ஒருநாள் மாமா தடிப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். பக்கம் பூராவும் ரோமாபுரிக் காசுகளின் படம். எழுத்தையெல்லாம் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, போலீஸ் அடையாள அணிவகுப்பு மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சிப்பாய்கள் வந்தார்கள், ஓநாய் வந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அடுத்த பக்கத்தில் கத்தியே விட்டேன்.

"இவதான் மாமா! இதே போட்டு!"

காகிதத்தை நகர்த்திப் படித்தார். வெற்றித் தேவதை, கப்பல் முனையில் நிற்பது.

"ஆறு வருசமா நாங்க ரெண்டு பேரும் மொறச்சிக்கினு கீறோம். நீ ஒருத்திதான் பாத்துக்கீற" என்றார். அது கோபமா பொறாமையா என்று இன்றுவரை புரியவில்லை. எனக்கு மட்டும் நிம்மதியில் அழுகை வந்தது.

இன்றும் நான் துணியும் கையுமாக நடந்தால் என் கணவர், "நைனா, வழுக்கைய மூடிக்கோ, தொலக்கிடப் போறா" என்று மாமாவுக்குக் குரல் கொடுப்பார். வீடே சிரிக்கும், மாமாவும் சிரிப்பார். ஆனால் அந்தத் தகட்டை அவர் தூக்கிப் போடவில்லை. பிஸ்கட் டப்பாவில் அதன் பக்கத்தில் தன் கையால் எழுதிய சீட்டு ஒன்றையும் வைத்திருக்கிறார்:

"பூ: கப்பல்மேல் பெண். இப்போது காசில் இல்லை. மருமகள் பார்த்திருக்கிறாள்."