மூன்று மழைக்கோட்டும் ஒரு பாவசங்கீர்த்தனமும்

சேசு மரி சூசை துணை

தருமபுரம், காரைக்கால்
16-11-1982

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அருளானந்தம் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் அற்புதராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, மகள் டெய்சி மூவரும் உடல்நலமாக இருக்கிறோம். உடல்நலம் என்று மட்டும் எழுதியிருப்பதைக் கவனிக்கவும். தங்கள் தங்கை சனிக்கிழமை மாலையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், "போதுமா?" என்று மட்டும் கேட்பதில்லை. மூன்று நாளாகத் தட்டிலிருந்து குழம்பு வழிந்துகொண்டிருக்கிறது.

பாண்டிச்சேரியில் தங்கள் மருமகன் மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பதாகவும், அடைமழைக்கு எந்த மாதிரிக் கோட்டு வாங்கலாம் என்று என் யோசனை தேவை என்றும் எழுதியிருந்தீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் விதைநெல் பார்வையிடுகிறவன் நான். பன்னிரண்டு வருஷமாக ஐப்பசி கார்த்திகை முழுக்க வண்டியில்தான் குடித்தனம். என்னைவிட நனைந்தவன் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் வாங்கியது சட்டை தனி, கால்சட்டை தனியாக வரும் நைலான் கோட்டு. மழை வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றி, ஒற்றைக்காலில் நின்று கால்சட்டைக்குள் நுழைய வேண்டும். நான் நுழைந்து முடிப்பதற்கும் மழை விடுவதற்கும் சரியாக இருக்கும். வெயிலில் வெந்துபோய்க் கழற்றி மடித்து வைத்தால், அடுத்த மழை அதற்காகவே காத்திருந்தது போல வரும். ஒருநாள் கோட்டுச்சேரி கடைத்தெருவில் அவசரத்தில் இரண்டு காலையும் ஒரே குழாய்க்குள் விட்டுவிட்டேன். தெரியாமல் ஓர் அடி எடுத்து வைத்தவன் நேராகக் கருவாட்டுக் கூடைமேல் போய் விழுந்தேன். கூடைக்காரி மாரிக்கண்ணு, "ஏன் சார், கருவாடு வேணும்னா கேட்டு வாங்கக்கூடாதா? தாவியா புடிக்கணும்?" என்றாள். அன்று அலுவலகத்தில் எனக்கு இருபக்கமும் நாற்காலி காலி.

அடுத்தது, உரமூட்டையை மூடும் பிளாஸ்டிக் தாளை வாங்கித் தையற்காரர் தங்கையனிடம் கொடுத்துத் தைத்தது. ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை, ஓட்டை இருந்த இடமெல்லாம் ஒழுக்கு. கொண்டுபோய்க் காட்டினேன். "தையல் போடாம கோட்டு தைக்க நான் என்னா மந்திரவாதியா சார்?" என்றார். நியாயம்தான். ஒழுகாத இடங்களை வியர்வை பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கழற்றினால் தங்கள் தங்கை, "கோட்டு போட்டுக்கிட்டுப் போனீங்களா, கோட்டுக்குள்ள குளிச்சிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். அப்போது பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போது மூன்றாவது கோட்டுக்கு வருகிறேன். திருமலைராயன்பட்டினத்தில் மீரா சாகிப் கடையில், கப்பலில் வந்தது என்று சொல்லிக் கொடுத்தார். கறுப்பு ரப்பர். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே வீழ்ச்சி. தலைக்கு முக்காடு, முக்காட்டை இறுக்கக் கழுத்தில் கயிறு. "இதப் போட்டுக்கிட்டு நீங்க கடல்லயே எறங்கலாம் சார், இன்ஷா அல்லா உள்ள ஒரு சொட்டு வராது" என்றார். அவர் சொன்னதில் பொய் கிடையாது. உள்ளே எதுவும் வரவில்லை. வெளியே வர முடியவில்லை என்பதுதான் விஷயம்.

டெய்சிக்குத் திருவேட்டக்குடியில் வரன் அமைந்ததைத் தங்கள் தங்கை எழுதியிருப்பாள். பையன் மரியசெல்வம், பள்ளிக்கூட வாத்தியார், தாய் தகப்பன் இல்லாமல் பெரியம்மா இருதயமேரி வளர்த்த பிள்ளை. மோட்டார் சைக்கிள்மேல் கைவைத்து நின்ற போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பேச்செல்லாம் பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை என்றைக்கு வாசிப்பது என்று கேட்டு வருவதற்காக, சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் முதன்முறையாக அந்த வீட்டுக்குப் புறப்பட்டேன். அவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. கோட்டுச்சேரி தாண்டியதும் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. அந்த மழையிலும் உள்ளே நான் காய்ந்த வைக்கோல் மாதிரி இருந்தேன். என்ன ஒரு கோட்டு என்று மீரா சாகிப்பை வாழ்த்திக்கொண்டே போய் இறங்கினேன்.

வாசலில் நின்ற இருதயமேரி அம்மாள் என்னைப் பார்த்தார். கணுக்கால்வரை கறுப்பு. முக்காடு. மோட்டார் சைக்கிள். அந்தப் பங்குக் கோயிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த சாமியாரை வீடு மந்திரிக்க வரச்சொல்லியிருந்தார்களாம், அது எனக்கு எப்படித் தெரியும்? "தோத்திரம் சாமி!" என்று முட்டிபோட்டுவிட்டார். நான் பதறிப்போய் முக்காட்டை இழுத்தேன். கயிறு மழையில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. ரப்பர் வாயை மூடியிருந்ததால், "அம்மா, நான் சாமியார் இல்லீங்க" என்று நான் சொன்னது அவருக்கு ஆசீர்வாதம் மாதிரிக் கேட்டிருக்கிறது. போதாக்குறைக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"வீடு மந்திரிக்கிறதுக்கு முன்னாடி மனசுல உள்ள பாவத்தச் சொல்லிப்புடுறேன் சாமி. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். போட்டோவுல இருக்குற மோட்டார் சைக்கிள் எங்களுது இல்ல. எம்புள்ளைக்கு அதுல ஏறவே பயம். பொண்ணோட அப்பா எந்நேரமும் வண்டியிலேயே போற மனுசனாம், பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்கமாட்டாரோன்னு..."

மச்சான், அந்த இடத்தில் நான் கையைக் காலை ஆட்டியாவது தடுத்திருக்க வேண்டும். வண்டியில் ஏறித் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் முக்காட்டுக்குள்ளிருந்து, "வேற?" என்று சத்தமாக ஒரு குரல் வந்தது. என் குரல்தான்.

"அந்த மனுசன் பேச ஆரம்பிச்சா அடுத்த பஸ்ஸுக்குத்தான் ஆள விடுவாராம். அவரையும் நாலு பேருகிட்ட புறம் பேசிட்டேன் சாமி."

இதற்கு அபராதமாக நான் பத்து அருள் நிறைந்த மந்திரம் விதித்தேன். பையனைப் பற்றிய பொய்யை மன்னித்திருப்பேன், இதை எப்படி மன்னிப்பது?

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நனைந்த வெள்ளை அங்கியோடு, முறிந்த குடையோடு, உண்மையான சாமியார் வந்து இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்து, மரியாதையாக, "சாமி எந்தப் பங்கு?" என்று கேட்டார். நான் முடிச்சோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து உள்ளேயிருந்து மரியசெல்வம் கத்தரிக்கோலோடு ஓடிவந்து கயிற்றை வெட்டினார். முகம் வெளியே வந்தது.

"ஆரு நீங்க?" என்றார் அம்மாள்.

"டெய்சியோட அப்பாங்க."

அந்த அம்மாள் எழுந்தார். "சாமி மாதிரி நின்னு வீட்டு ரகசியத்தக் கேக்குற ஆளா எனக்குச் சம்பந்தி? ஓலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். "அம்மா, நாங்களும்தான் மறைச்சிட்டோம். டெய்சிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். பொம்பளப்புள்ள வண்டி ஓட்டுதுன்னா வேணாம்னுடுவீங்கன்னு பயந்து சொல்லல" என்று உளறிவிட்டேன். சாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. மரியசெல்வம் கத்தரிக்கோலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கோட்டை அங்கேயே போட்டுவிட்டு நனைந்துகொண்டு வீடு வந்தேன். டெய்சி துண்டோடு வாசலுக்கு வந்து, "என்னாச்சுப்பா?" என்றாள். சொன்னேன். துண்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே என் யோசனை இதுதான். மருமகனுக்கு எந்தக் கோட்டும் வாங்க வேண்டாம். மோட்டார் சைக்கிளே வேண்டாம், பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். நானும் வண்டியை விற்றுவிடத் தீர்மானித்துவிட்டேன். திருவேட்டக்குடி சம்பந்தம் முடிந்த கதை. பாண்டிச்சேரிப் பக்கம் நல்ல வரன் இருந்தால், என்னைப் பற்றி அதிகம் விசாரிக்காத குடும்பமாகப் பார்த்து எழுதவும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பும் தேவமாதாவின் ஆசியும் என்றும் உண்டாகட்டும். தங்கள் தங்கை ஏதும் சொல்லவில்லை என்றாலும் அவள் சார்பிலும் விசாரிப்பு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மாறாத
அற்புதராஜ்

பின்குறிப்பு: புதன்கிழமை. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மரியசெல்வம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறையாம். "பெரியம்மா அனுப்புனாங்களா?" என்றேன். "அவங்க பத்து மந்திரமும் சொல்லிட்டாங்களாம். செல்லுமா செல்லாதான்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க. நான் வந்தது வேற விஷயமா சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார். "டெய்சி எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுப்பாங்களா?" நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தங்கள் தங்கை, "சாவி ஆணியில மாட்டியிருக்கு" என்றாள். இரண்டு பேரும் கொட்டுகிற மழையில் கடற்கரைச் சாலைப் பக்கம் போய், ஒரு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். "நான் பின்னாலயே உக்காந்துக்குறேன் சார். அங்கேருந்து பாத்தா பயமா இல்ல" என்றார் மாப்பிள்ளை. வரும் ஞாயிறு முதல் ஓலை. மேலே எழுதியது அத்தனையும் அடித்ததாகக் கொள்ளவும். தங்கள் மருமகனுக்கு அவசியம் கோட்டு வாங்குங்கள், கூடவே இவர்களுக்கும் இரண்டு. ஓட்டுகிறவர் கோட்டு பெண்பிள்ளை அளவில் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் ஏதாவது கேட்டால் கேட்கட்டும்.