கணக்கு வாத்தியாரின் ஒரே மாணவன்

"அப்பா, நெட்டுக்கு என்ன ஆச்சு? அவங்க முகம் அப்படியே நின்னு போயிடுது."

மகள் கதவைப் பாதி திறந்து கிசுகிசுத்தாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் போடும் தொளதொளத்த பைஜாமா. கணினித் திரை வழியாக அவளுக்கு நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

"நீ போய் உக்காரும்மா. அப்பா பாத்துக்கறேன்," என்றார் கணக்கு வாத்தியார்.

என்ன ஆச்சு என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற கையோடு, தான் நடத்திய பாடங்களையெல்லாம் வீடியோ எடுத்து, கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். வேண்டியவர்கள் அவருடைய கணினியிலிருந்தே துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. கணக்கு பிடித்தால் போதும். அப்படி யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மாதக்கணக்கில் 'இறக்குபவர்கள்' என்ற இடத்தில் பூஜ்யமே உட்கார்ந்திருந்தது. பூஜ்யத்தின் பெருமையை வகுப்பில் வாய் வலிக்கப் பேசியவர், அதை முதன்முறையாக வெறுத்தார்.

இன்று காலை அந்தப் பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.

யாரென்று தெரியாது. எந்த ஊரென்றும் தெரியாது. ஆனால் வாத்தியாரின் மனக்கண்ணில் அவன் தெளிவாக இருந்தான். ஒல்லிப் பையன். விடுதி அறை. பரீட்சை பயத்தில் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் சிவந்து போயிருக்கிறது. அவனுக்காக வாத்தியார் பல்கூடத் தேய்க்காமல் திரை முன் உட்கார்ந்து, பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் போய்விட்டது.

ஆனால் மகள் வாழ்க்கையாயிற்றே. மென்பொருளின் வேகக் கட்டுப்பாட்டைத் திறந்து மிகக் குறைந்த அளவில் வைத்தார்.

உள்ளேயிருந்து மகளின் குரல் கணீரென்று வந்தது. கைப்பேசியில் செய்தியும் வந்தது: "சரியாயிடுச்சுப்பா."

பச்சைக் கோடு மட்டும் செத்துக் கிடந்தது. இந்த வேகத்தில் போனால் பையன் பரீட்சை எழுதி, கல்யாணம் பண்ணி, பேரன் எடுத்த பிறகுதான் திரிகோணவியல் போய்ச் சேரும்.

வாத்தியார் யோசித்தார். நெட்டின் மொத்த வேகம் மாறாதது. இரண்டு பேருக்கும் நிறையத் தர வேண்டுமென்றால் மற்ற செலவைக் குறைக்க வேண்டும். எளிய கணக்கு. நேராக முன்னறைக்குப் போய், டிவிக்குப் பின்னால் கைவிட்டு நெட் ஒயரைப் பிடுங்கினார்.

"என்னங்க, இப்பத்தான் அவ உண்மையச் சொல்ல வாயத் தொறந்தா," என்றாள் மனைவி.

"பொண்ணு வாழ்க்கை முக்கியமா, உன் சீரியல் முக்கியமா?"

மனைவி கைப்பேசியை எடுத்து, அதே தொடரை விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

வாத்தியார் திரும்பி வந்து வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பச்சைக் கோடு குதித்துக்கொண்டு ஓடியது. அவருக்கும் கூடவே ஓடலாம் போலிருந்தது.

கைப்பேசி முனகியது. "மறுபடி நின்னு போச்சு."

பால்கனியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் தம்பி. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று போன மாதம் வந்தவர்.

"மாமா, பக்கத்து வீட்டுக்காரன் எவனோ நம்ம வைஃபையத் திருடறான். பாஸ்வேர்டை மாத்துங்க. எல்லாம் சரியாயிடும்," என்றார், கைப்பேசியில் ஓடிய கால்பந்து ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாத்தியாருக்கு யோசனை பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து மச்சானும் கழன்றுவிடுவார். உடனே மாற்றினார்.

கழன்றார்கள். மனைவியின் தொடர் நின்றது. மச்சானின் பந்து வலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மகளின் நேர்முகத் தேர்வும் நின்றது. வாத்தியாரின் கணினி மட்டும் ஒயரில் இருந்தது. ஆளில்லாத சாலையில் போகிற லாரி மாதிரி பச்சைக் கோடு பறந்தது.

மகள் ஓடி வந்தாள். "அப்பா, சுத்தமா நெட்டே இல்ல."

"பாஸ்வேர்டு மாத்திட்டேன்மா. சொல்றேன், போடு. ஏ ஸ்கொயர், ப்ளஸ் டூ ஏபி, ப்ளஸ் பி ஸ்கொயர்."

"ஸ்கொயரை எப்படிப்பா போடறது?"

"பக்கத்துல ரெண்டுன்னு போடு. அதச் சின்னதா நெனச்சுக்கோ."

மூன்றாவது தடவையில் ஏறியது. மகள் உள்ளே ஓடினாள். இதையெல்லாம் மனைவியும் மச்சானும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மச்சான் மண்டையில் கடைசிவரை ஏறாத சூத்திரம் இப்போது ஒரே முறையில் ஏறிவிட்டது. பந்து வலைக்குள் போனது.

"அப்பா, அவங்க பேசறதே கேக்கல. நான் பேசறதும் அவங்களுக்கு விட்டு விட்டுத்தான் கேக்குதாம். ப்ளீஸ்பா," என்று செய்தி வந்தது.

வாத்தியார் திரையைப் பார்த்தார். கோடு முடியப் போகிறது. இன்னும் ஒரு நகக்கண் அளவுதான் பாக்கி. அந்தப் பையன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் மகள். இதற்கு முன் இரண்டு இடத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"மன்னிச்சுடு தம்பி," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினார்.

பச்சைக் கோடு நின்றது.

அடுத்த நிமிடமே உள்ளே பேச்சு தெளிந்தது. மகள் தடங்கலில்லாமல் பேசினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் "வெரி குட்" என்றது. பிறகு இருவரும் சேர்ந்து சிரிப்பதுகூடக் கேட்டது. வாத்தியார் சந்தோஷத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துக்கத்திலும்தான்.

"என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள் மனைவி.

"தூசி."

திடீரென்று உள்ளே சத்தம் அடங்கியது. மகள் வெளியே வந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம்மா?"

"இல்லப்பா. அந்த மேடமும் அவங்க வீட்லேருந்துதான் பேசிட்டு இருந்தாங்க. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. திடீர்னு அவங்க மாமியார் ஒரு கத்து கத்தினாங்க. மேடம் எந்திரிச்சு ஓடிட்டாங்க."

மாமியார் என்றதும் மனைவி கைப்பேசியைக் கீழே வைத்தாள். "எதுக்குடி கத்தினாங்க?"

"அந்தம்மா இந்த வயசுல ஏதோ கணக்குப் பரீட்சை எழுதறாங்களாம், காலையிலேருந்து வீட்டு நெட்டையெல்லாம் உறிஞ்சி எவரோ ஒரு வாத்தியாரோட பாடத்த இறக்கிட்டு இருந்தாங்களாம், முடியற நேரத்துல நின்னு போச்சாம், அது முழுசா இறங்கினாத்தான் எனக்கு மிச்ச இன்டர்வியூவாம்."