புரூஃப் சாரின் மஞ்சள் விளக்கு

"காத்தை அளக்கிற சென்சார்ல அழுக்கு சார். தொடச்சு மாட்டினா லைட் அணைஞ்சிடும். ரெண்டு நிமிஷம்."

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஒரே ஒரு தடவை காதை வைத்துக் கேட்டார். அவ்வளவுதான். எந்த வேலைக்கும் இதே கணக்கைச் சொல்வதால் அவர் பெயரே 'ரெண்டு நிமிஷம்' என்று ஆகிப்போயிருந்தது.

காரின் சொந்தக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவர் அவர். ஊருக்கெல்லாம் 'புரூஃப் சார்'. விட்டுப்போன ஒற்றெழுத்தை வலைவீசிப் பிடித்தே தலை நரைத்தவர். பிழையைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடிக்கிற ஆளை எப்படி நம்புவார்?

"கருவி ஏதாவது வெச்சுப் பார்க்கமாட்டியாப்பா?"

"அதான் காது இருக்கே சார்."

"நான் யோசிச்சு சொல்றேன்" என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். வழியில் மூன்று சிக்னலிலும் கார் விக்கியது. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அசையாமல் அவரையே முறைத்தது.

பதினெட்டு வருஷத்து வண்டி. மாற்றச் சொல்லி மனைவி சொல்லாத நாளில்லை. ஆனால் இந்த வாரம் அது ஓடியே ஆகவேண்டும். பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருந்த மகள் ஃபோனில் சொல்லிவிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ். நான் நம்ம வண்டியிலதான் வருவேன். பின் சீட்டு ஜன்னல்ல நான் ஒட்டின நட்சத்திரம் இருக்கில்ல, அதைப் பாப்பாவுக்குக் காட்டணும்."

"பொறந்து நாலு நாள்கூட ஆகலை. அதுக்கு நட்சத்திரம் தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியும்ல!"



திங்கட்கிழமை சாயங்காலம் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஒரு குட்டி டப்பாவை நீட்டினார். "ரெண்டா வாங்கினா பாதி விலைன்னான் சார். ஒண்ணு நீங்க வெச்சுக்குங்க. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகணும். வண்டிக்கு என்ன நோவுன்னு வயரில்லாம ப்ளூடூத்துல உங்க ஃபோன்லயே எழுதிக் காட்டுமாம்."

சொல்லிவிட்டு டாக்டர் பக்கத்திலேயே நின்ற தன் காரில் ஏறி, ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பகல் முழுக்க டிரில் சத்தம் கேட்கிறவர். தினம் ஆறு மணிக்குக் கிளினிக்கிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்து பழைய பாட்டு கேட்டால்தான் மனுஷர் வீட்டுப் படியேறுவார்.

புரூஃப் சார் கருவியைச் செருகினார். ஃபோனைத் திறந்தார். திரையில் கருவியின் பெயர் இரண்டு தடவை வந்தது. 'அச்சுப்பிழை' என்று அலுத்துக்கொண்டு முதலாவதைத் தொட்டார்.

'ஆக்சிஜன் சென்சார் பழுது.'

"பார்த்தியா!" மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் கத்தினார். "காத்து சென்சாராம்! காதுல பூ சுத்தப் பார்த்திருக்கான் அந்த ரெண்டு நிமிஷம்!"

திரையின் அடியில் 'அழி' என்றொரு பொத்தான் இருந்தது. தொழில் புத்தி. அழுத்தினார். 'பிழை ஏதுமில்லை' என்றது ஃபோன். ஆனால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சரி, அழித்தால் மட்டும் போதாது, சரியானதை எழுதவும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். புது ஆக்சிஜன் சென்சார் வாங்கி வந்து காருக்கடியில் படுத்தார். பதினெட்டு வருஷம் புகைக்குழாயிலேயே குடியிருந்த பழைய சென்சார் காலி பண்ண மறுத்தது. கடைசியில் மரையையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே வந்தது. புதுசை அரைகுறையாகத் திருகிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். டிராக்டர் மாதிரி உறுமியது. மூன்றாவது மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

"பாப்பாவுக்கு இப்பவே காது குத்திடலாம்னு பார்க்கிறீங்களா?" என்றாள் மனைவி.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஃபோன். பக்கத்தில் டாக்டர் கண்ணை மூடிப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

'ஆக்சிஜன் சென்சார் பழுது.'

"இப்பதானே மாத்தினேன்!" அழித்தார். அப்போதுதான் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. எஞ்சின் சூடு தொண்ணூறு டிகிரி.

பானெட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணி நாலு மணி நேரமாகிறது. சில்லென்று இருந்தது.

"நின்ன வண்டிக்குத் தொண்ணூறு டிகிரியா?"

"ஜுரமா இருக்கும். மாத்திரை குடுங்க" என்று பால்கனியிலிருந்து பதில் வந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சூட்டை அளக்கிற சென்சாரும் பொய் சொல்கிறது! புதன்கிழமை அதையும் கழற்றினார். கழற்றிய ஓட்டை வழியாகப் பச்சைக் கூலன்ட் பீய்ச்சியடித்துச் சட்டை, மீசை, கண் எல்லாவற்றையும் நனைத்தது. புதுசை மாட்டி, கூலன்ட் ஊற்றி, கண்ணைக் கழுவிவிட்டு வந்து ஆறு மணிக்குப் பார்த்தால், மறுபடி அதே ஆக்சிஜன். அழித்தார். 'பிழை ஏதுமில்லை.' ஸ்டார்ட் பண்ணினார். மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஃபோன் பிழை இல்லேங்குது. விளக்கு இருக்குங்குது. அப்போ பொய் சொல்றது யாரு?"

"என்னைக் கேட்டா வீட்ல சண்டைதான் வரும்."

"விளக்குதான்!"

வியாழக்கிழமை டேஷ்போர்டைப் பிரித்தார். திரும்பப் பூட்டியபோது கையில் நாலு ஸ்க்ரூவும் ஒரு பிளக்கும் மிச்சம். சாவியைத் திருப்பினார். முள் அசையவில்லை. எஞ்சின் முனகக்கூட இல்லை. மஞ்சள் விளக்கு மட்டும் ஒருவழியாக அணைந்திருந்தது. மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து.

அன்று ஆறு மணிக்கு அவர் ஃபோனைத் தொடவே இல்லை. பின் சீட்டில் போய் உட்கார்ந்து, ஜன்னலில் ஒரு முனை உரிந்திருந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். மனைவி கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை டாக்ஸி சொல்லிடறேங்கிறார்."

"ம்."

"நான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன். காலையில ஏழு மணிக்கு வர்றாராம். கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் 'ரெண்டு நிமிஷம்' நின்றார். பிரித்துப்போட்டிருந்ததை எல்லாம் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் புரூஃப் சாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இது எவ்வளவு நேரமாகும்பா?"

"இது... ரெண்டு மணி நேரம் சார்."

மிச்சமிருந்த பிளக்கை மீட்டருக்குப் பின்னால் செருகினார். புகைக்குழாயில் மரை போட்டு சென்சாரை இறுக்கினார். கடைசியாக, ஏர் ஃபில்டருக்குப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் அளவிலிருந்த அந்தக் காத்து சென்சாரைக் கழற்றி, மருந்து அடித்துக் காயவைத்து மாட்டினார். அதற்கு மட்டும் சொன்னபடி ரெண்டே நிமிஷம். பேட்டரி வயரை ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்பா" என்றார் புரூஃப் சார்.

"விடுங்க சார். புதுசா ரெண்டு சென்சார் போட்டிருக்கீங்க. வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆனா ஒண்ணுதான் புரியலை. ரெண்டு பழசுமே நல்லா இருந்துச்சே, ஏன் மாத்தினீங்க?"

புரூஃப் சார் அவசரமாகப் பின் சீட்டைத் துடைக்கப் போனார்.

பதினொன்றே காலுக்கு மகள் குழந்தையோடு பின் சீட்டில் ஏறினாள். எந்த சிக்னலிலும் வண்டி விக்கவில்லை. "பாரு, அம்மா ஒட்டினது" என்று மகள் நட்சத்திரத்தைக் காட்ட, பேத்தி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். ரியர்வியூ கண்ணாடியில் அதைப் பார்த்த தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கூலன்ட்டா?" என்றாள் மனைவி.

பார்க்கிங்கில் வண்டி நின்றதும், மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பல் டாக்டர் ஓடி வந்தார். குழந்தையைக் கொஞ்சினார். பிறகு புரூஃப் சாரைத் தனியாக ஓரம்கட்டித் தன் காரைக் காட்டினார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்த நேரமில்லை. வாங்கின ரெண்டுல இன்னொரு கருவியை நான் சும்மா இதுல செருகி வெச்சேன் பாருங்க, என்ன மாயமோ, திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் சாயங்காலம் நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஃபோனைத் தட்டினதுமே லைட் தானா அணைஞ்சது, மறுநாள் திரும்ப எரிஞ்சது; நேத்து நீங்க தட்டலை, அணையவே மாட்டேங்குது... இன்னிக்கு ஆறு மணிக்குக் கொஞ்சம் வந்து உட்காருங்களேன்?"