நிறைவேறாக் காதலுக்கு ஒரு தீர்மானம்

"இன்னா அம்புரோசு, என்னைக் கட்டிக்கிறியா, இல்லியா?"

பெண்பிள்ளை வாயால் கேட்கவே கூடாது என்று எல்சியின் அம்மா வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்த கேள்வி இது. அதையும் அவள் கேட்ட இடம் எது? ராயபுரம் 'கானதீபம்' மெல்லிசைக் குழுவின் ஒத்திகை அறை. எழுபத்தொன்றாம் வருஷத்தில் தமிழ்க் காதலின் தலைமைச் செயலகம்.

அம்புரோஸ் லேசுப்பட்டவரல்ல. பகலில் துறைமுகத்தில் நிலக்கரிக் குமாஸ்தா. மாலையில் கவிஞர் 'அருவிதாசன்'. அருவியை அவர் காலண்டரில் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டு எல்சியை ஏழு வருஷமாக நிலவு, மான், முல்லைக்கொடி என்று பாடி வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். அதைத் தாண்ட மேகத்தைத் தூது அனுப்பினார். அவளுக்கு டைபாய்டு கண்டபோது 'வாடாதே மலரே' என்று மூன்று சரணம் எழுதினார். ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் மட்டும் கிரேன் ஓட்டுகிற அருள்நாதன்.

அந்த அருள்நாதன் இப்போது பெண் கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க வேண்டுமானால் இன்று சாயங்காலத்துக்குள் சாமியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். பி.ஏ. படித்திருந்தும் எல்சிக்கு இந்தப் பாட்டுகளின் மேல், பாட்டுக்காரன் மேல், ஒரு பிரியம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் கேட்டுவிட்டாள்.

கவிஞர் ஆர்மோனியத்தைப் பார்த்தார். செயலாளர் ரகுபதி உடனே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"மாமு, கட்டிக்கினா அப்பால இன்னாத்த பாடுவே?" என்றார் தபேலா ஹபீபுல்லா. "'ரேஷன் கடைக்குப் போனியா கண்ணே'ன்னா?"

"மாதா திருநாளு வருது. ஒத்துக்கினு கீற கச்சேரி பூரா சோகப்பாட்டு. இவன் சந்தோசமாயிட்டா நம்ம பொழப்பு பேஜாரு!" என்றார் ரகுபதி.

கவிஞரின் காதல் தொடர்ந்து நிறைவேறாமலிருக்க, செல்வி எல்சி பி.ஏ. அவர்கள் 'பூரண ஒத்துழைப்பு' நல்க வேண்டுமென்று தீர்மானம் வந்தது. எல்லாரும் கைதூக்கினார்கள். அம்புரோசும் தூக்கினார்.

"நீயுமாடா?"

"நீ கெடைச்சிட்டா நெலா இல்ல எல்சி."

"எப்பவுமே நா நெலா இல்ல. விடிஞ்சா குடத்த தூக்கிக்கினு குழாயடில நிக்கிறேன். உங்க வூட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியும்."

"அதுக்கு மெட்டு அமையலியே," என்றார் கவிஞர், மெய்யான வருத்தத்தோடு.

எல்சி செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது, "எல்சி!" என்று அம்புரோஸ் கூப்பிட்டார். அவள் நின்றாள்.

"திரும்பிப் பாக்காம போ. கடைசி சரணத்துக்கு அதான் வேணும்."

அவள் திரும்பவில்லை. ஏழு வருஷத்துப் பாட்டில் ஓரிடத்திலும் வராத தன் பெயரை, அருள்நாதன் பெயரோடு சேர்த்துச் சாமியாரிடம் சொல்ல, கோயில் பக்கமாக நடந்தாள்.