முடியாத டெமோ

திங்கட்கிழமை எடுக்கச் சொன்ன டெமோ கிளாஸ் அடுத்த திங்கட்கிழமையும் முடியவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

சோபியாவுக்கும் வந்தது. எம்.எட். கடைசி செமஸ்டரில் இருப்பவள். அவளுடைய கல்லூரியில் மாணவர்களுக்கென்றே வேலை வழிகாட்டி மையம் ஒன்று உண்டு. அதன் பொறுப்பாளர் நிலவழகன் சார்தான் அவளைப் பொன்னமராவதிப் பக்கம் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கு அனுப்பினார். "ஒரே ஒரு கணக்கு கிளாஸ் எடுத்துக் காட்டுங்க, கையோட ஆர்டர்" என்றார்.

அதை நம்பி அம்மா அருளம்மாள் ஆவூர் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்கே சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிறு, சோபியாவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததற்காக என்று சாமியார் மைக்கில் வாசிப்பார். ஊரே கேட்கும்.

ஆர்டர்தான் வந்தபாடில்லை.

பிரின்சிபால் நல்லதம்பி தினமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்பார். முடிந்ததும், "நல்லாத்தாம்மா இருந்துச்சு. தாளாளர் வெளியூர் போயிருக்காரு. நாளைக்கும் ஒரு டெமோ குடுங்க, பாப்போம்" என்பார்.

சோபியா நிலவழகன் சாருக்குப் போன் போட்டாள்.

"தெனமும் டெமோன்னா எப்புடி சார்?"

"ஆர்வம் பத்தலன்னு நெனக்கிறாங்கம்மா. கூட ரெண்டு பீரியடு கேட்டு வாங்கி எடுங்க."

கேட்டாள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு இரண்டின் கணக்கும் மொத்தமாக அவள் தலையில் விழுந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

மறுபடியும் போன்.

"பொறுப்பா இருக்கவங்களத்தாம்மா நிர்வாகத்துக்குப் புடிக்கும். பாடத்துக்கு மேல எதாச்சும் செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினாள். திருத்தாமல் கிடந்த பரீட்சைத் தாள்களைத் திருத்தினாள். அதைப் பார்த்து அறிவியல் தாள்களையும் கொண்டுவந்து குவித்தார்கள். ஸ்கூல் பஸ்ஸில் ஏறிப் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிடும் வேலையும் சேர்ந்துகொண்டது. அப்படி இறக்கிவிடப்போன இடத்தில், "எம்மவனுக்கு எப்புடி மார்க்கு கொறஞ்சுச்சு?" என்று ஒருவர் நடுரோட்டில் சண்டைக்கு வந்துவிட்டார். சம்பளம் வாங்குமுன்னே திட்டு வாங்கியாயிற்று.

"ரொம்ப நல்லதும்மா" என்றார் நிலவழகன் சார். "ஒங்கள டீச்சராவே ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். 'வேலை பெற்றவர்'னு ஒங்க போட்டோவ மையத்துல மாட்டியாச்சே."

வேலை பெற்றவளாம்! என்ன அக்கிரமம் இது? பெற்ற வேலை எங்கே இருக்கிறதென்று பெற்றவளுக்கே தெரியவில்லை, அதற்குள் போட்டோ.

சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. மத்தியானம் அம்மா கூப்பிட்டாள்.

"ஆத்தா, பெரியம்மா வீட்டுலேருந்து எல்லாரும் வந்து எறங்கிட்டாக. வரும்போது மறக்காம ஆர்டர எடுத்தாந்துரு. பீடத்துல வச்சு மந்திரிச்சுத் தாரேன்னு சாமியார் சொல்லியிருக்காரு."

சோபியாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நேரே பிரின்சிபால் அறைக்குப் போனாள். நல்லதம்பி தன் மேசையைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆர்டர் இல்லாம இங்கிட்டிருந்து நகர மாட்டேன். படிச்ச பிள்ளைகள ஓசியில வேலை வாங்குறது உங்களுக்கே அசிங்கமா இல்லியா? நீங்க மட்டும் மாசம் பொறந்தா டான்னு சம்பளம் வாங்கிருவீங்க. எங்க வயித்தெரிச்சல் உங்கள சும்மா விடாது சார்."

நல்லதம்பி துணியைக் கீழே வைத்தார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. என்னையும் ஒங்க நிலவழகன் சார்தான் இங்கிட்டு அனுப்புனாரு. பிரின்சிபால் வேலைக்கு டெமோ குடுக்க வந்தவன், போன வருஷத்துலேருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."