துணைக்கு வந்தவர்

கணவர்களில் 'துணைக்கு வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. குழந்தைப்பேறு மருத்துவரின் காத்திருப்பு அறைக்குப் போனால் எளிதாகப் பார்க்கலாம். மனைவியின் மருத்துவ ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, சும்மா இவங்களுக்குத் துணைக்கு வந்தேன்" என்பார். யார் கேட்டார்கள்?

மனைவி விஷயத்தில் இவர் பாதி டாக்டர். அவளுக்கு வயது முப்பத்தாறு, தைராய்டு இருக்கிறது, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, எடை கூடுதல், வேளைக்குத் தூங்குவதில்லை என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். மூச்சு வாங்கினால் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்வார். பிள்ளை பிறந்தால் மூக்கு தன்னைப் போல என்று பங்கு கேட்கப்போகிறவர், பிறக்காததில் மட்டும் பங்கு கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவர். 'புகை பிடிப்பவரா?' என்ற கட்டம் காலியாக இருந்தால், மந்திரியே கொடுத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு குழந்தைக்காக அவரும் மனைவியும் ஏங்கி ஆறு வருடம். ஆறு வருடமும் ஊசி, ஸ்கேன், மாத்திரை எல்லாம் அவளுக்கே.

புது மருத்துவர் இருவருக்குமாக ஒரே படிவம் கொடுத்தார். இவர் மனைவியின் பக்கத்தை ஓரம் வரை நிரப்பினார். தன் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வரவேற்பில் இருந்த பெண் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், உங்க பக்கம் காலியா இருக்கு."

"எங்க பரம்பரையில இந்தப் பிரச்சினையே கிடையாதும்மா. எங்க அப்பாவுக்கு நாங்க ஏழு பேர்."

"அப்பாவைக் கேக்கல சார்."

மனைவி படிவத்தை வாங்கி எழுத ஆரம்பித்தாள். வயது: நாற்பத்து மூன்று. சிகரெட்: நாளைக்குப் பன்னிரண்டு. மது: வாரம் மூன்று முறை, கேட்டால் 'எப்போதாவது' என்பார். தொப்பை: பார்த்தாலே தெரியும். லேப்டாப்: வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மடியில், சுடச்சுட (அந்தச் சூடு விந்தணுவுக்கு ஆகாதாம்). விந்துப் பரிசோதனை: ஒருமுறைகூட இல்லை.

"இதெல்லாம் எதுக்கு எழுதுறே? மானம் போகுது" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"உங்க அம்மாவும் அக்காவும் என்மேலதான் குறைன்னு சொன்னப்போ பக்கத்துல உக்காந்து தலையாட்டுனீங்களே, அப்போ போகலையா? வர்ற மாசம் எனக்கு முப்பத்தேழு. இனிமே காத்துக்கிட்டிருக்க எனக்கு நேரமில்ல. உள்ள போங்க."

போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வார்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

வாசகரே, இதை இப்போதே சகலைக்கு அனுப்ப வேண்டும் என்று கை பரபரக்கிறதா? அனுப்புங்கள், நல்ல காரியம். அதற்கு முன் ஒரு சின்ன சந்தேகம். நீங்கள் கடைசியாகப் பரிசோதனைக்குப் போனது எப்போது? மனைவிக்காக அல்ல, உங்களுக்கு.